பிஸ்டலுக்குப் பேரல் மாற்றுவதற்கு முன்னால் காகிதத்தைச் சரிசெய்யுங்கள்

எனக்குத் தெரிந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் லைசென்ஸ் புதுப்பிக்கப் போய் மாட்டிக்கொண்டார். வைத்திருந்தது பழைய .32 பிஸ்டல். பேரல், அதாவது குண்டு பாய்ந்து வெளியேறும் குழாய், உள்ளே அரித்துப்போனதால் இரண்டு வருஷத்துக்கு முன்பு மாற்றியிருந்தார். ஸ்டேஷன் எழுத்தர் லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடிச்சட்டமான பிரேமில் சரி, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடில் சரி, பேரலில் மட்டும் நம்பரே இல்லை, வெறும் இரும்பு. "பழைய பேரல் எங்கே?" கடையிலேயே விட்டுவிட்டேன் என்றார். "பில்?" அது இல்லை. பிஸ்டல் அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டது, அவர் மாதக்கணக்கில் அலைந்தார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவரிடம் இல்லாதது ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். 1959 ஆயுதச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் துப்பாக்கியின் பாகங்களும் அடக்கம். அதாவது தனியாகக் கிடக்கும் ஒரு பேரலும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். புதுப் பேரல் வாங்குவதை நீங்கள் பைக்குச் செயின் மாற்றுவது மாதிரி நினைப்பீர்கள், வழக்குப் போடுகிறவர் அப்படி நினைக்க மாட்டார். கழற்றிய பழைய பேரலை ஞாபகத்துக்காகப் பீரோவில் வைத்திருப்பதும் அதே வம்புதான்.

பெரிய பள்ளம் லேத் பட்டறை. 1980களிலேயே தனியார் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனதால், அப்பா தாத்தா காலத்து வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்கு உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. உடனே யாராவது, தெரிந்த லேத்காரர் இருக்கிறார், அச்சு அசலாகக் கடைந்து தருவார் என்பார்கள். போகாதீர்கள். ஆயுதம் செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் 5-ஆம் பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை மீறினால் தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகிறது. நீங்கள் மட்டும் இல்லை, நாலு காசுக்கு வேலை செய்த அந்த லேத்காரரும் உள்ளே போவார். லைசென்ஸ் என் பேரில்தானே இருக்கிறது, பேரலை நானே வீட்டில் பொருத்திக்கொள்கிறேன் என்றும் கிளம்பாதீர்கள். உங்களிடம் இருப்பது துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துப்போகவுமான லைசென்ஸ். வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போடுவதும் வேண்டாம், இறக்குமதிக்கு 10-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது, பார்சல் கஸ்டம்ஸில் நிற்கும், உங்களைத் தேடி ஆள் வரும்.

பேரலின் அளவு, அதாவது உள்துளையின் விட்டம், மாறவே கூடாது. லைசென்ஸில் .32 என்று இருந்தால் .32 தான். 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம். அந்த அளவுப் பேரல் கையில் இருந்தால் வழக்கு வேறு கட்டத்துக்குப் போய்விடும், அதற்கு 7 முதல் 14 ஆண்டு. பேரலை வெட்டிக் குட்டையாக்குவது 6-ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

சரி, ஒழுங்காக எப்படிச் செய்வது? முதலில் லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கு, அதாவது மாவட்டத்தில் கலெக்டருக்கு, கமிஷனர் எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனருக்கு, இந்த நம்பர் பிஸ்டலில் இந்தக் காரணத்தால் அதே அளவுப் பேரல் மாற்ற அனுமதி வேண்டும், லைசென்ஸில் பதிவு செய்து தர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அப்புறம் ஆரம்பிக்கும் அலைச்சல். ஆபீஸில் ஸ்டேஷன் ரிப்போர்ட் வரட்டும் என்பார்கள், ஸ்டேஷனில் எங்களுக்குக் கடிதமே வரவில்லை என்பார்கள், திரும்ப வந்தால் பார்க்கிற கிளார்க் மாறியிருப்பார். மறுபடி மறுபடி நேரில் போய் நிற்பதை விட, ஒரு மாதம் பார்த்துவிட்டு 10 ரூபாய் கட்டி, என் மனு இன்று யார் மேஜையில் இருக்கிறது, எந்தத் தேதியில் எங்கே அனுப்பினீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் சொல்ல 30 நாள்தான் அவகாசம், பல நேரம் அதற்குள் ஃபைலே நகர்ந்துவிடும். வாயால் "முடியாது" என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்து இல்லாமல் மேல்முறையீட்டுக்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அனுமதி வந்ததும் லைசென்ஸ் உள்ள கடைக்கு மட்டும் கொண்டுபோங்கள். உடம்பு முடியாமல் மகனையோ மச்சானையோ அனுப்பினால், பழுதுபார்க்க இவர் எடுத்துச் செல்கிறார் என்று கையெழுத்துப் போட்ட கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். 3-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது, ஆனால் எழுத்தில் இருந்தால்தான். வழியில் வண்டிச் சோதனையில் "அப்பாவோட துப்பாக்கி சார்" என்று வாயால் சொன்னால் எடுபடாது.

லைசென்ஸ் முடிய சில மாதங்களே இருந்தால் முதலில் புதுப்பித்துவிடுங்கள். பிஸ்டல் கடையில் கிடக்கும்போது லைசென்ஸ் காலாவதியானால் கடைக்காரர் திருப்பித் தர முடியாது, அவரைத் திட்டியும் பிரயோஜனம் இல்லை.

பில்லில் பிஸ்டல் நம்பர், புதுப் பேரலின் அளவு, அதில் அடித்த நம்பர், பழைய பேரலைக் கடை பெற்றுக்கொண்டது, கடையின் லைசென்ஸ் எண் எல்லாம் இருக்கட்டும். "ஸ்பேர் மாற்றியது" என்று ஒரு வரி எழுதித் தந்தால் வாங்காதீர்கள். புதுப் பேரலில் நம்பர் அடிப்பதைக் கடையே செய்ய வேண்டும். பழைய நம்பரை நீங்களாக ராவினாலோ ஆணி வைத்துப் புதிதாகப் பொறித்தாலோ அது 8-ஆம் பிரிவில் வரும், அழித்தது நான் இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில்தான்.

பில்லையும் அனுமதிக் கடிதத்தையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை லைசென்ஸ் புத்தக உறைக்குள்ளேயே வையுங்கள். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது ரசீதில் புதுப் பேரல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே, எழுத்தர் முன்னாலேயே, பேரலுக்குள் வெளிச்சம் விட்டுத் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.