பக்கக் கண்ணாடியில் எரியும் ஆரஞ்சு விளக்கு

"நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் பெரிய லாரியைக் கடக்கும்போது என் காரின் பக்கக் கண்ணாடியில் எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்தால் எரிகிறது. லாரியைக் காணாத கருவி ஸ்கூட்டரை மட்டும் எப்படிக் காண்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்தக் கருவி வேலை செய்யும் விதம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

காரின் பின்கதவை ஒட்டிய பகுதி உள்கண்ணாடியிலும் தெரியாது, பக்கக் கண்ணாடியிலும் தெரியாது. அதைத்தான் பிளைண்ட் ஸ்பாட் என்கிறோம். அங்கே வாகனம் இருந்தால் சொல்லும் கருவியை வோல்வோ நிறுவனம் 2000களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பக்கக் கண்ணாடிகளுக்கு அடியில் கேமரா வைத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அது. மூடுபனியும் தாழ்ந்த வெயிலும் லென்ஸில் படியும் சேறும் அதைத் திணறடித்தன. பிறகு வோல்வோவும் ரேடாருக்கு மாறியது. இன்று பெரும்பாலான கார்களில் பின்பம்பரின் இரு மூலைகளுக்குள் இரண்டு ரேடார்கள் ஒளிந்திருக்கின்றன. இண்டிகேட்டர் போட்டதும் பக்கவாட்டுக் காட்சியைத் திரையில் காட்டும் கேமரா, கிரெட்டா, செல்டாஸ் போன்ற கார்களில் வருவது, வேறு வகை. அது காட்டும், அவ்வளவுதான். முடிவெடுப்பது ஓட்டுநர்.

ரேடார் அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வாங்கித் தூரத்தைக் கணக்கிடும் என்பது பள்ளியில் படித்ததுதான். சிக்கல் என்னவென்றால், 3 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்கூட்டரில் பட்டுத் திரும்ப அலைக்கு ஆகும் நேரம் 20 நானோ நொடி. ஒரு நொடியின் ஐந்து கோடியில் ஒரு பங்கு. இதை நேரடியாக, அதுவும் மலிவான சில்லு ஒன்றை வைத்து அளப்பது கடினம். பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு அலுக்கவே அலுக்காத ஒன்று. நேரத்தை அளக்காமலே நேரத்தைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ரேடார் ஒரே அதிர்வெண்ணில் அலையை அனுப்புவதில்லை. 76 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி, 50 மைக்ரோ நொடியில் 77 கிகாஹெர்ட்ஸ் வரை சீராக ஏற்றிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு இழுத்துக்கொண்டே ஏறும்போது, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை அவர் இப்போது வாசிப்பதைவிடச் சற்றுக் கீழான சுரத்தில் இருக்கும். சுவர் தள்ளிப்போகப் போக அந்த இடைவெளி கூடும். ரேடாரிலும் இதேதான். திரும்பி வந்த அலையை அந்தக் கணம் அனுப்பிக்கொண்டிருக்கும் அலையோடு கலந்தால், இரண்டின் வித்தியாசம் மட்டும் தனியாக வெளியே வரும். 3 மீட்டருக்கு அந்த வித்தியாசம் 4 லட்சம் ஹெர்ட்ஸ். 30 மீட்டருக்கு 40 லட்சம். எளிய மின்சுற்றே இதைச் சுலபமாக எண்ணிவிடும். கோடியில் ஒரு பங்கு நேரம், கையாளக்கூடிய ஓர் அதிர்வெண்ணாக மாறிவிட்டது.

அடுத்தது வேகம். பின்னாலிருந்து ஒரு பைக் நம்மைவிட மணிக்கு 36 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் நெருங்குகிறது. ஒரு 50 மைக்ரோ நொடியில் அது நகர்வது அரை மில்லிமீட்டர். மேலே சொன்ன தூரக் கணக்கின் நுணுக்கமே 15 சென்டிமீட்டர்தான் என்பதால் அரை மில்லிமீட்டர் அதில் தெரியவே தெரியாது. ஆனால் இந்த அலையின் நீளம் வெறும் 4 மில்லிமீட்டர். பைக் அரை மில்லிமீட்டர் நெருங்கினால் அலை போய் வரும் பாதை ஒரு மில்லிமீட்டர் குறையும். அலைநீளத்தில் சரியாகக் கால்பங்கு. எனவே அடுத்த முறை வரும் எதிரொலியின் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது, 90 டிகிரி திரும்பியிருக்கும்! இப்படி அடுத்தடுத்து அலைகளை அனுப்பிக் கட்டம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பார்த்தால், பொருள் நம்மை நெருங்கும் வேகம் கிடைத்துவிடும். டாப்ளர் விளைவு என்று படித்தது இதுதான். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இருந்து அலையை வாங்கும் ஏற்பிகளில் கட்டம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால் திசையும் தெரிந்துவிடும்.

இப்போது லாரிக்கு வருவோம். கருவிக்கு லாரி தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரிகிறது. நாம் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், சாலையில் அசையாமல் இருக்கும் எல்லாமே ரேடாரைப் பொறுத்தவரை 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஓடுகின்றன. ஒரு பொருள் இருக்கும் கோணத்தின் கோசைனை நம் வேகத்தோடு பெருக்கினால் வரும் எண்ணும் அளந்த வேகமும் ஒத்துப்போனால் அது நிற்கும் பொருள். மரம், தடுப்புக் கம்பி, மைல்கல், வாசகர் கேட்ட லாரி எல்லாம் இந்தச் சல்லடையில் விழுந்துவிடும். இல்லாவிட்டால் விளக்கு அணையவே அணையாது. ஸ்கூட்டர் நம்மோடு சேர்ந்து ஓடுவதால் இந்தக் கணக்குக்குள் வராது. விளக்கு எரிகிறது.

நேர் பக்கவாட்டில், அதாவது 90 டிகிரியில், கோசைன் சுழியம். அங்கே நிற்கும் கம்பிக்கும் கூடவே ஓடும் ஸ்கூட்டருக்கும் டாப்ளர் கணக்கில் வித்தியாசமே இல்லை. அந்தப் பொருள் எங்கிருந்து எப்படி வந்தது என்ற தடத்தை வைத்துத்தான் மென்பொருள் முடிவெடுக்க வேண்டும். நீண்ட தடுப்புக் கம்பிகளை ஒட்டிப் போகும்போது சில கார்களில் விளக்கு சும்மா எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மில்லிமீட்டர் அலைகளின் தொடக்கம் நம் நாட்டில்தான். 1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இத்தகைய குறுகிய அலைகளைக் கொண்டு தூரத்தில் மணியை ஒலிக்கவைத்துக் காட்டினார். 5 மில்லிமீட்டர் நீள அலைகள் வரை அவர் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியிருக்கிறார். அப்படிப்பட்ட நாட்டில் இந்தத் துறை ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் நம் சாலை எழுப்பும் கேள்விகளை வேறு யாரும் நமக்காகத் தீர்க்கப்போவதில்லை.

அவற்றில் முக்கியமானது இருசக்கர வாகனம். காரோடு ஒப்பிட்டால் பைக் திருப்பி அனுப்பும் அலை மிகக் குறைவு. பேருந்தின் பலத்த எதிரொலிக்குப் பக்கத்தில் அது அமுங்கிப் போகலாம். அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2014இல் சோதித்தபோது, கார்களைவிட மோட்டார் சைக்கிள்களை இந்தக் கருவிகள் 26 சதவீதம் தாமதமாகக் கண்டுபிடித்தன. கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் காருக்கும் பேருந்துக்கும் நடுவே இரண்டு பைக்குகள் புகுந்து போகும் நெரிசலில் எவ்வளவு நம்பலாம் என்பதைப் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் போன்ற சோதனைகளில் அளந்து வெளியிட வேண்டும்.

கருவியால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகத்தின் ஆய்வில், லேன் மாறும்போது நடக்கும் விபத்துகள் இக்கருவி உள்ள கார்களில் 14 சதவீதமும், அவற்றில் காயம் ஏற்படுத்துபவை 23 சதவீதமும் குறைந்திருந்தன. பின்னால் மிக வேகமாக வரும் வாகனத்துக்கு எச்சரிக்கை தாமதமாகலாம், வளைவில் பக்கத்து லேன் எது என்று குழம்பலாம், கனமழையில் பம்பரில் படியும் நீர் அலையை உறிஞ்சலாம் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் போதும்.

பின்பம்பரைச் சும்மா விட்டுவிடுங்கள். இடித்த இடத்தில் டிங்கரிங் செய்து, பட்டி தடவி, கனமாகப் பெயின்ட் அடித்தால் அலை சரியாக வெளியேறாது. ரேடார் 3 டிகிரி திரும்பிப் பொருந்திவிட்டால் 30 மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் பிசகும். பாதி லேன் அது. மூலையை மறைத்து இரும்பு பம்பர் கார்டு போட்டால் ரேடார் குருடாகும். பூஜையன்று அப்பும் சந்தனத்தை மூலையில் காயவிடாமல் துடைத்துவிடுங்கள். திருஷ்டிக்காகத் தொங்கவிடும் எதுவும் விபத்தைத் தடுக்காது. அந்த மூலையில் கட்டினால் தடுக்கிற கருவிக்கும் இடைஞ்சல்.

கருவி இல்லாத காரிலும் பிளைண்ட் ஸ்பாட்டைப் பெரிதும் குறைக்கலாம். அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் பிளாட்சர் 1995இல் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கிய முறை இது. தலையை வலப்பக்கக் கதவுக் கண்ணாடியை ஒட்டிச் சாய்த்து, உங்கள் காரின் பக்கவாட்டு விளிம்பு மட்டும் தெரியும்படி வலக் கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்புங்கள். அப்புறம் காரின் நடுப்பகுதிக்குச் சாய்ந்து இடக் கண்ணாடியையும் அதேபோல் வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் கார் பக்கக் கண்ணாடிகளில் தெரியாது. முந்தி வரும் வாகனம் உள்கண்ணாடியை விட்டு விலகும்போதே பக்கக் கண்ணாடிக்குள் வந்துவிடும்.