கந்தூரி: விரிப்பு விழாவான கதை

‘தர்காவில் கந்தூரி’ என்று சுவரொட்டி பார்த்தால் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. கொடியேற்றம், சந்தனக்கூடு, ராட்டினம், கடைத்தெரு எல்லாம் கண்முன் வந்துவிடும். ஆனால் சொல் பிறந்த பாரசீகத்தில் கந்தூரி என்பது சாப்பிடும்போது நடுவில் விரிக்கிற தோல் அல்லது துணி, அவ்வளவுதான். விரிப்பின் பெயர் அதில் பரிமாறிய விருந்துக்கு ஏறியது. தமிழ்க் கரைக்கு வந்து, இறைநேசரின் நினைவு நாளில் ஊருக்குச் சோறு போடுவது கந்தூரி ஆனது. அப்புறம் சோற்றைச் சுற்றி நடந்த திருவிழா முழுவதுக்குமே அதுதான் பெயர். மலாய் மொழியிலும் இதே சொல் ‘கெண்டூரி’யாக இருக்கிறது, அங்கே கல்யாண விருந்துக்கும் அதைச் சொல்வார்கள்.

இதோடு ‘உரூஸ்’ என்பதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். அது அரபுச் சொல், பொருள் திருமணம். இறைநேசர் இறைவனோடு சேர்ந்த நாளைக் குறிக்கும். உரூஸ் என்பது நாள், கந்தூரி என்பது சோறு என்று நினைவில் வைத்தால் போதும்.

நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் கந்தூரி 14 நாள் நடக்கும். சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வரும். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தர்கா வாசலில் தகட்டில் அச்சடித்த கால், கண், வீடு, தொட்டில் விற்பார்கள். கால் வலி தீர்ந்தவர் காலை வாங்குவார், பிள்ளை வேண்டுபவர் தொட்டிலை. மொட்டை போடுவதும் உண்டு. கொஞ்சம் தெற்கே வேளாங்கண்ணிக்குப் போங்கள். அங்கேயும் மொட்டை, அங்கேயும் கொடியேற்றம், அங்கேயும் தகட்டுக் காணிக்கை. மாரியம்மன் கோயில் பழக்கமும் இதுவேதான். யார் யாரிடம் எடுத்தார்கள் என்று கணக்குப் போடுவது வீண் வேலை என்பது என் எண்ணம். வேண்டுதல் மொழி ஒன்றுதான், கதவுதான் வேறு.

சோற்றுக்கும் அப்படித்தான். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கிறிஸ்தவர்கள் இதை ‘அசனம்’ என்பார்கள். புளியம்பட்டி அந்தோனியார் கோயிலில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் சமைத்து அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் அசனம் கொடுப்பார்கள். பலர் இதை ‘ஆசனம்’ என்று எழுதுகிறார்கள். அது உட்காரும் இருக்கை. அசனம் வடமொழியில் உண்ணுதல். கோயிலில் ‘அன்னதானம்’, அதுவும் வடமொழிதான். ஆக, மூன்று வீட்டுக்காரர்களும் ஊருக்குச் சோறு போட இரவல் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இதில் உடன்பாடு இல்லை. தவ்ஹீத், அதாவது இறைவன் ஒருவனை மட்டுமே வணங்கவேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தும் முஸ்லிம்கள் கந்தூரியை மார்க்கத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்குகிறார்கள். மற்ற மத விழாவில் படைத்த சோற்றைத் தொடக்கூடாது என்று சொல்கிற கிறிஸ்தவச் சபைகளும் உண்டு. ‘கந்தூரி’ என்ற சொல்லை ஒரே தெருவில் ஒருவர் பெருமையாகவும் இன்னொருவர் முகம் சுளித்தும் சொல்வது இதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘விருந்து’ என்று எழுதலாம். ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள் புதுமை. பிறகுதான் வீட்டுக்குப் புதிதாய் வந்தவரையும் அவருக்கு இட்ட உணவையும் குறித்தது. ஆளை அழைத்துப் போடுவது விருந்து. கந்தூரிக்கு அழைப்பு வேண்டாம். அதனால் எனக்குப் பிடித்தது ‘பெருஞ்சோறு’. புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலேயே சேரன் உதியஞ்சேரலாதன் பெருஞ்சோறு வரையாது கொடுத்ததாக வருகிறது. வரையாது என்றால் அளவு பார்க்காமல்.

சாப்பாட்டைச் சொல்லும்போது பெருஞ்சோறு என்று எழுதுங்கள், பொருந்தும். விழாவுக்குக் கந்தூரியே இருக்கட்டும். ‘நாகூர்ப் பெருஞ்சோற்றுக்கு ஒரு டிக்கெட்’ என்று கேட்டால் பேருந்து நடத்துநர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.