சாம்பியன்: களத்துப் பதிலாளும் வாகைப் பூவும்

நாம் சாம்பியன் என்று எழுதுகிறோம். இலங்கைத் தமிழ் நாளேடுகள் சம்பியன் என்று எழுதும். எப்படி எழுதினாலும் பொருள் ஒன்றுதான்: தொடரை வென்று பட்டம் பெற்றவர், அல்லது பட்டம் பெற்ற அணி. ஆனால் இது பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். சொல் பிறந்தபோது அதற்கு வெற்றி கட்டாயமாக இருக்கவில்லை.

வேர் லத்தீனின் 'காம்புஸ்'. வெட்டவெளி, களம் என்று பொருள். கல்லூரிக் கேம்பஸும் படை தங்கும் கேம்ப்பும் இதே வேரில் கிளைத்தவை. களத்தில் இறங்கி மோதுகிறவனைப் பிற்கால லத்தீனில் 'காம்பியோ' என்றார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இடைக்கால ஐரோப்பாவில் சில வழக்குகளை வாதியும் பிரதிவாதியும் ஆயுதம் ஏந்தி மோதித் தீர்த்துக்கொள்ளலாம். முதியவர், பெண், பாதிரியார் என்றால் என்ன செய்வது? தங்களுக்குப் பதிலாக ஓர் ஆளை நிறுத்தலாம், கூலி கொடுத்தும் பிடிக்கலாம். அந்தப் பதிலாள்தான் சாம்பியன். தோற்றாலும் அவன் சாம்பியன்தான்! இங்கிலாந்தில் இந்த மோதல் வழக்குமுறை 1819 வரை சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்தது. முடிசூட்டு விருந்தில் கவசம் பூண்டு குதிரையில் வந்து, 'அரசரை மறுப்பவர் உண்டா?' என்று சவால் விடும் அரச சாம்பியன் கடைசியாக அப்படி வந்தது 1821இல்.

18ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் 'முதலிடம் பெற்றவர்' என்ற பொருள் சேர்ந்தது. பழைய பொருளும் முழுக்கச் சாகவில்லை. 'பெண் கல்வியின் சாம்பியன்' என்று யாராவது எழுதினால், அங்கே கோப்பை கிடையாது. பிறருக்காகக் களத்தில் நிற்பவர் என்றே பொருள். தமிழில் அதைப் 'பாடுபடுபவர்' என்றால் போதும்.

இந்த இரண்டு பொருளும் ஒரே பெயருக்குள் உட்கார்ந்திருந்த இடம் ஒன்று உண்டு: ஐரோப்பியக் கழக (கிளப்) கூடைப்பந்து. 1958இல் தொடங்கிய தொடரின் பெயரே ஐரோப்பிய சாம்பியன்கள் கோப்பை. தன் நாட்டு லீக்கை வென்ற கழகத்துக்கும், முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற கழகத்துக்கும்தான் அழைப்பு. அதாவது சாம்பியன் என்பது உள்ளே வருவதற்கான தகுதி. வந்த கழகம் நாட்டின் சார்பில் நின்றது. யாருடைய சார்பில் என்பதுதான் எப்போதும் எளிதாக இருக்கவில்லை. முதல் மூன்று கோப்பைகளையும் (1958, 1959, 1960) வென்றது ரிகா நகரின் ராணுவக் கழகமான ஏ.எஸ்.கே. அது லாட்வியாவின் தலைநகரத்து அணி, ஆனால் பட்டியலில் அதற்கு எதிரே சோவியத் ஒன்றியம் என்று இருக்கும்.

1977 பிப்ரவரியில் பெல்ஜியத்தின் விர்டோன் என்ற சிற்றூரில் நடந்த ஆட்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அணி டெல் அவிவுக்கு வர மறுத்ததால் ஆட்டம் பொது இடத்துக்குப் போனது. மக்காபி டெல் அவிவ் 91-79 என்று வென்றதும் அதன் அணித்தலைவர் டால் பிராடி, 'நாங்கள் வரைபடத்தில் இருக்கிறோம்' என்றார். சொன்னவர் அமெரிக்காவில் பிறந்து இஸ்ரேலுக்கு ஆட வந்தவர். பழைய அகராதிப்படி பார்த்தால் அச்சு அசல் சாம்பியன்! அந்த ஆண்டு பெல்கிரேடில் நடந்த இறுதியில் இத்தாலியின் வாரேசேயை ஒரே புள்ளியில் வென்று மக்காபி கோப்பையையும் எடுத்துக்கொண்டது.

பெயரும் பொருளும் பிரிந்தது தொண்ணூறுகளில். ஸ்பிளிட் நகர அணி 1989, 1990, 1991 என மூன்று முறை தொடர்ந்து வென்றது. மூன்றாவது வெற்றியின் ஆண்டிலேயே அதன் நாடான யூகோஸ்லாவியா உடையத் தொடங்கியது. அதே வேளையில் பெரிய லீக்குகளிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கழகங்களும் வரலாம் என்று கதவு திறந்தது. 1992இல் இஸ்தான்புல்லில் கோப்பையை வென்ற பார்டிசான் பெல்கிரேடு, முந்தைய ஆண்டு தன் நாட்டு லீக்கில் இரண்டாம் இடம் பெற்ற அணி. போர் காரணமாகத் தன் 'சொந்த மைதான' ஆட்டங்களை ஸ்பெயினில் ஆடிய அணியும் அதுவே. கடைசி நொடிகளில் ஜோர்ஜெவிச் எறிந்த மூன்று புள்ளிப் பந்தால் ஆட்டம் 71-70 என்று முடிந்தது. நாட்டின் சாம்பியனாக இல்லாமலே உள்ளே வந்து, ஐரோப்பாவின் சாம்பியன் ஆனது. தொடரின் பெயர் ஐரோப்பிய லீக், பிறகு யூரோலீக் என்று மாறியதில் 'சாம்பியன்கள்' அதிலிருந்து உதிர்ந்துபோனது. 2001இல் இரண்டு அமைப்புகள் தனித்தனித் தொடர் நடத்தியதால், ஒரே ஆண்டில் மக்காபி, கிண்டர் போலோன்யா என்று இரண்டு ஐரோப்பிய சாம்பியன்கள் வேறு.

வென்றவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்? ஸ்பானியர், இத்தாலியர், ரஷ்யர், லிதுவேனியர் எல்லாரும் லத்தீன் வேரையே தங்கள் வாய்க்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். கிரேக்கர் 'புரோதத்லிதிஸ்', முதல் வீரர், என்கிறார்கள். செர்பியரின் 'பிர்வாக்' முதல்வன். எபிரேயத்தின் 'அலூஃப்' குலத்தலைவனைக் குறித்த பழஞ்சொல், இன்று படைத்தளபதிப் பதவியின் பெயரும் அதுவே. 1999இல் மியூனிக்கில் வென்ற லிதுவேனியாவின் ஜால்கிரிஸுக்கோ கழகப் பெயரே 1410ஆம் ஆண்டுப் போர்க்களம் ஒன்றின் பெயர். காம்புஸ் என்ற வேருக்கு இதைவிடப் பொருத்தமான சாம்பியன் கிடைப்பது கடினம்.

சரி, தமிழுக்கு வருவோம். நமக்கு வாகை இருக்கிறது. வென்ற மன்னர் சூடிய பூ. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் ரோஜா நிறப் பூ அல்ல. இது வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்த, நூல்நூலான, மணக்கும் பூ. தொல்காப்பியம் வாகைத் திணையைப் போர்வெற்றியோடு நிறுத்தவில்லை. அவரவர் தத்தம் துறையில் மிகுந்து விளங்குவதெல்லாம் வாகை என்கிறது. கூடைப்பந்தையும் தாராளமாக உள்ளே சேர்க்கலாம்.

வினைச்சொல்லில் சிக்கல் இல்லை, 'வாகை சூடியது' என்பது நாளேடுகளில் அன்றாட வழக்கு. பெயர்ச்சொல்லில்தான் தடுமாற்றம். ஆளுக்கு வாகையர், வாகையாளர் பொருந்தும். கழகமோ அஃறிணை. 'ரியல் மாட்ரிட் வாகையர்' என்று சொல்லிவிட்டு 'வென்றது' என்று முடித்தால் காதில் இடறுகிறது. அங்கே நான் 'வாகை அணி' என்பேன். அணி என்றால் குழு, சூடுவதும் அணிவதுதான். சாம்பியன்ஷிப்புக்கு 'வாகைப் பட்டம்', நடப்பு சாம்பியனுக்கு 'நடப்பு வாகை அணி'. 'வெற்றியாளர்' ஓர் ஆட்டத்தை வென்றவருக்கும் பொருந்தும் என்பதால், தொடர் முழுவதையும் வென்றவருக்கு அது போதாது.

எடுத்துக்காட்டு: அதற்குள் 11 முறை வாகை சூடியிருந்த ரியல் மாட்ரிட், 2024இல் பெர்லினில் நடப்பு வாகை அணியாக யூரோலீக் இறுதிக்கு வந்து கிரேக்கத்தின் பனாதினைகோஸிடம் பட்டத்தை இழந்தது.