டெம்ப்ஸ்டர் சாலைக்கு வண்டி எடுக்கும் முன்

கனடாவின் வடக்கே யூக்கானில், டாசன் நகருக்குக் கிழக்கே 40 கி.மீ. தள்ளிப் பிரிகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. அங்கிருந்து இனுவிக் ஊருக்கு ஏறக்குறைய 740 கி.மீ. பயணத் திட்டம் போட்டுக்கொடுக்கச் சொல்லி வருபவர்கள், “ஒரே நாளில் போய்விடலாம்தானே?” என்பார்கள். போகலாம். ஆனால் “வழியில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டால்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் வைத்திருப்பவர்களுக்குத்தான் தேதி குறிப்பேன்.

முதல் தடை வாடகை வண்டி. பல ஒப்பந்தங்களில் இந்த மண்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்றே இருக்கும். மீறினால் காப்பீடு கைவிட்டுவிடும். எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். சின்ன டயராக இருந்தால் அந்த வண்டி வேண்டாம். அடியில் உள்ள உறைநிலம் உருகாமலிருக்கக் கனமாகச் சரளை கொட்டி எழுப்பிய சாலை இது. கூரான கற்கள் டயரைக் கிழித்துவிடும். முழு அளவு ஸ்டெப்னி இரண்டு கேட்பேன். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஒதுங்குங்கள், முன்கண்ணாடி தப்பும்.

பிரிவிலிருந்து 369-ஆவது கிலோமீட்டரில் ஈகிள் பிளெயின்ஸ், வழியில் வரும் முதல் பெட்ரோல் நிறுத்தம். நடுவில் பெட்ரோல் கிடையாது. டாசனில் டாங்க்கை நிரப்பி, கேனிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தூரத்துக்குக் கைபேசி சிக்னலும் இல்லை. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி கட்டாயம். அதிலும், உதவிக்கு அழைக்கலாமே தவிர உதவி உடனே வந்துவிடாது. இழுவை வண்டிக்கே பல ஆயிரம் டாலர் ஆகலாம்.

பலரும் கணக்கில் எடுக்காதது ஆறுகளைத்தான். பீல், மெக்கன்சி இரண்டிலும் பாலமில்லை. கோடையில் ஃபெர்ரி, குளிர்காலத்தில் பனிக்கட்டி மேலேயே பாதை. பனி உடையும் வசந்தத்திலும் உறையத் தொடங்கும் இலையுதிர் காலத்திலும் இரண்டுமே இல்லாத வாரங்கள் உண்டு. கோடையிலும் வெள்ளம் ஏறினாலோ மரக்கட்டைகள் மிதந்து வந்தாலோ ஃபெர்ரி நின்றுவிடும். அப்போது கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

1910 டிசம்பரில் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குக் நால்வர் ரோந்துக் குழுவோடு கிளம்பிய அதன் தலைவர் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற போலீஸ் அதிகாரி, வேகமாகப் போய்ச்சேர நினைத்து உணவைக் குறைத்துக்கொண்டார். கூட வந்த குவிச்சின் பழங்குடி வழிகாட்டியையும் பாதியில் அனுப்பிவிட்டார். வழி தவறியது. குழுவின் நால்வரும் இறந்தார்கள். 1911 மார்ச்சில் உடல்களைத் தேடிக் கண்டுபிடித்த போலீஸ்காரர் ஜாக் டெம்ப்ஸ்டரின் பெயர்தான் இந்தச் சாலைக்கு. இன்று சாலை வந்துவிட்டது. உணவுக் கணக்கை மட்டும் நான் இன்னும் அவர்களை நினைத்தே போடுகிறேன்.

தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் உறைந்தால் வீண், இரவில் வண்டியில் விடாதீர்கள். கிளம்பும் அன்று காலையிலும் சாலை, ஃபெர்ரி நிலவரம் பாருங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது சும்மா விட்டு வையுங்கள். “அந்த நாளில் என்ன செய்வது?” என்றால், டாசனில் பார்க்க நிறைய இருக்கிறது.