கஞ்சாவும் கடைமடையும்

கடலூர் சில்வர் பீச்சில் மாலை நேரத்தில் ஒதுங்கி உட்காரும் பிளஸ் டூ மாணவனிடம் ஏன் கஞ்சா என்று கேட்டுப் பாருங்கள். "மனம் லேசாகிறது" என்பான். பொய்யில்லை, தொடக்கத்தில் லேசாகத்தான் செய்கிறது. அதே புகை பிறகு படபடப்பைக் கொண்டுவருவது எப்படி?

வீராணம் பாசனத்தைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வயல் நிறைந்ததும் கடைமடை விவசாயி, "போதும், மதகை இறக்குங்கள்" என்று மேலே சொல்லி அனுப்புவார். தண்ணீர் ஒரு பக்கம் வர, செய்தி எதிர்ப்பக்கம் போகிறது. மூளையிலும் இதே ஏற்பாடுதான். சேதி அளவுக்கு மீறினால், அதைப் பெறும் நரம்பணு ஒரு கொழுப்பு மூலக்கூறை அனுப்பிய அணுவுக்கே திருப்பி விடுகிறது. இவ்வகை மூலக்கூறு ஒன்றை 1992-ல் கண்டறிந்த இஸ்ரேல் வேதியியலாளர் ரஃபேல் மெஷூலம் குழுவினர் அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். நம் வீடுகளில் புழங்கும் அதே ஆனந்தம்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நொதி ஒன்று அதை விரைவில் சிதைத்துவிடும்.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி, ஆனந்தமைடு உட்காரும் ஏற்பிகளிலேயே, அதாவது நரம்பணுவில் சேதியைப் பெறும் இடங்களிலேயே, போய் அமர்கிறது. எளிதில் சிதைவதும் இல்லை. எந்த வயல் நிறைந்தது, எது காய்கிறது என்று அதற்குத் தெரியாது. எல்லா மதகையும் அடைக்கச் சொல்லும். குறைந்த அளவில் பாசன வாய்க்கால் அடைபடுகிறது, பரபரப்பு தணிகிறது. அளவு கூடினால் வடிகாலும் அடைபடும். மூளையைத் தணிக்கும் 'காபா' என்ற வேதிப்பொருள் சுரப்பது குறைய, அச்சம் வெள்ளமாய் ஏறுகிறது.

பதின்வயதில் இந்த வாய்க்கால்களையே இன்னும் வெட்டி முடிக்கவில்லை. அச்சத்தை எழுப்பும் அமிக்டலா முந்திக்கொள்ள, அதை அடக்கும் நெற்றிப்புற மூளை முதிர ஏறக்குறைய 25 வயதாகிறது.

கஞ்சா மனச்சோர்வையும் கொண்டுவரும் என்றால், "ஏற்கெனவே சோர்ந்திருப்பவன்தானே புகைக்கிறான்?" என்பது நியாயமான கேள்வி. 11 ஆய்வுகளிலிருந்து சுமார் 23,000 பேரின் தரவுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான பகுப்பாய்வு, முன்பே இருந்த மனநலச் சிக்கல்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆய்வுகளையே சேர்த்தது. அப்படியும், 18 வயதுக்குமுன் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட 1.37 மடங்காக இருந்தது. தற்கொலை முயற்சியில் அது 3.46 மடங்கு. பதற்றக் கோளாறில் மட்டும் தொடர்பு உறுதிப்படவில்லை. மனச்சோர்வில் கண்ட உயர்வு ஒருவருக்குச் சிறிதாகத் தோன்றலாம். புகைப்பவர்கள் பலராகும்போது அது சிறிதல்ல.

தினமும் புகைப்பவர்களின் மூளையில் அந்த ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன. ஓயாமல் கூச்சல் கேட்கும் மதகுக்காரர் காதைப் பொத்திக்கொள்வதைப் போலத்தான். நிறுத்தினால் சுமார் நான்கு வாரங்களில் அவை ஏறத்தாழ பழைய நிலைக்குத் திரும்புவதைப் பெரியவர்களின் மூளை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. இடையில், முதல் வாரத்தில்தான் தூக்கம் கெடும், எரிச்சலும் பதற்றமும் உச்சத்துக்குப் போகும். எதற்கெடுத்தாலும் கத்தும் மகனைப் பார்த்து, இவன் இன்னும் விடவில்லை என்று அம்மா சந்தேகப்படும் அந்த நாட்கள், அவன் விட்டுவிட்ட நாட்களாகவும் இருக்கலாம்.