மேடு பள்ளத்தில் ஓடும் கணினி

காட்டுப் பாதை, மணல் மேடு, ஆற்றுக் கல் என்று எதிலும் இறங்கி ஏறும் நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடும். வரைபடம், எஞ்சின் சூடு, வண்டியின் சாய்வு, பின்பக்கக் கேமரா எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் கணினியை நாமே கட்டிப் பொருத்தினால் என்ன? எனக்கும் வந்தது. உள்ளங்கை அளவுள்ள ஒரு கணினிப் பலகை, ஒரு தொடுதிரை, இணையம் இல்லாமலும் ஓடும் வரைபடம். மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒரே வாரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. வண்டியில் ஏற்றிச் சாவியைத் திருப்பினேன். திரை அணைந்துபோனது. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் கணினி மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. அடுத்த முறையும் அதே கதை.

கணினியில் ஒரு கோளாறும் இல்லை. வண்டியின் மின்சாரம் எப்படிப்பட்டது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

வண்டி மின்சாரத்தை 12 வோல்ட் என்கிறோம், அது பெயருக்குத்தான். முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்ற மின்னாக்கி அதை 14 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் இழுக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் சிறு மின்தடையே அப்போது பெரிய சுமையாகி, வெளியே கிடைக்கும் மின்னழுத்தம் 7 வோல்ட்டுக்கும் கீழே போகக்கூடும். அரை நொடிதான். ஆனால் கணினிச் சில்லுக்கு அரை நொடி என்பது ஒரு யுகம்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு ஆபத்து உண்டு. ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, குலுக்கலில் பேட்டரியின் முனை கழன்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கரடுமுரடான பாதையில் இது நடக்கக்கூடியதுதான். சுழலும் சுருளின் காந்தப்புலம் சட்டென்று மறையாது. பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லாமல், வண்டியின் கம்பிகளில் அழுத்தம் 80 முதல் 100 வோல்ட் வரை எகிறும். சில நூறு மில்லி நொடிகள் அப்படியே நிற்கும். ஆல்டர்னேட்டரிலேயே தடுப்பு டையோடு இருந்தால் இது ஏறத்தாழ 35 வோல்ட்டோடு நின்றுவிடும், அது இல்லாத பழைய வண்டியில் நிற்காது. வீட்டில் மேசையில் வேலை செய்த சாதாரண மின்வழங்கி இந்த ஒரு அடியிலேயே கருகிவிடும்.

ஆகவே பேட்டரிக்கும் கணினிக்கும் நடுவில் இரண்டு காவலர்கள் வேண்டும். முதலாவது, மின்னெழுச்சியை விழுங்கும் டையோடு. குறிப்பிட்ட வோல்ட்டைத் தாண்டியதும் அது வழிவிட்டு, உபரியைத் தரைக்கு இறக்கிவிடும். இரண்டாவது, வோல்ட்டை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த கன்வெர்ட்டர். அதன் உள்ளே ஒரு கம்பிச்சுருளும், நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும் மின்னணுச் சுவிட்சுகளும் இருக்கின்றன. சுவிட்ச் மூடும்போது சுருளில் காந்தப்புலமாக ஆற்றல் சேர்கிறது, திறக்கும்போது அது வெளியே போகிறது. மூடியிருக்கும் நேரத்தை நீட்டினால் வெளியேறும் அழுத்தம் கூடும், குறைத்தால் இறங்கும். இதை அளந்து அளந்து திருத்துவதால், உள்ளே 6 வோல்ட் வந்தாலும் 30 வோல்ட் வந்தாலும் வெளியே 12 வோல்ட் மாறாமல் வருகிறது.

பலர் தவறவிடும் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. கணினிக்கு 24 வாட் வேண்டுமென்றால், 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். அதே 24 வாட்டை 6 வோல்ட்டில் எடுக்க 4 ஆம்பியர் தேவை. அழுத்தம் விழ விழ கன்வெர்ட்டர் அதிகமாக இழுக்கிறது. கம்பி மெல்லியதாக இருந்தால் அந்த இழுவையால் கம்பியிலேயே இன்னும் கொஞ்சம் வோல்ட் தொலையும், அதை ஈடுகட்ட கன்வெர்ட்டர் இன்னும் இழுக்கும். என் முதல் இணைப்பு இப்படித்தான் சரிந்தது. தடித்த கம்பியைப் பேட்டரியிலிருந்து நேரே கொண்டுவந்த பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. அந்தக் கம்பிக்கு ஃபியூஸைப் பேட்டரியின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது கம்பியைத்தான். கணினியின் அருகில் அதை வைத்தால், வழியில் கம்பி உராய்ந்து வண்டியின் உடலைத் தொடும்போது தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள், தீதான் பற்றும்.

அடுத்தது வெயில். மூடிய வண்டி வெயிலில் நின்றால் முகப்புப் பலகை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். கடையில் கிடைக்கும் சாதாரணச் சில்லுகள் 70 டிகிரி வரைக்கும், தொழிற்சாலைத் தரமானவை 85 டிகிரி வரைக்கும் என்று வகுக்கப்பட்டவை. அதனால் முகப்பில் திரை மட்டும் இருக்கட்டும், கணினி இருக்கைக்கு அடியில் போகட்டும். வீட்டுக் கணினியைப் போல விசிறி வைத்தால் சூடு தணியும், ஆனால் அது இழுக்கும் காற்றோடு புழுதியும் உள்ளே வரும். நுண்ணிய புழுதி பலகையின் மேல் கம்பளம் போலப் படிந்துவிடும், ஈரம் சேர்ந்தால் மின்சாரத்துக்குக் குறுக்குவழியும் ஆகும். எனவே விசிறி வேண்டாம், பெட்டியை மூடிவிடலாம். சில்லின் சூட்டை அலுமினியப் பெட்டியே வாங்கி, துடுப்புகள் வழியாக வெளிக்காற்றில் விடட்டும். ஒவ்வொரு வாட்டுக்கும் சில்லு வெளிக்காற்றைவிட 2 டிகிரி கூடுதலாகச் சூடாகும்படி பெட்டி அமைந்திருந்தால், 15 வாட் கணினி 30 டிகிரி மேலே நிற்கும். வண்டிக்குள் 50 டிகிரி என்றால் சில்லு 80 டிகிரி. ஓடும், ஆனால் பெரிதாக மிச்சம் எதுவும் இல்லை. வேகமான செயலியைத் தேடுவதைவிடக் குறைந்த வாட்டில் ஓடும் செயலியைத் தேடுவதே இங்கே புத்திசாலித்தனம்.

பெட்டியை மூடியாயிற்று, புழுதி வராது. ஆனால் அந்த மூடலே தண்ணீரை உள்ளே இழுக்கும்!

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நாள் முழுக்க ஓடிய பெட்டிக்குள் காற்று 60 டிகிரியில் இருக்கிறது. வண்டி ஓர் ஆற்றில் இறங்குகிறது, பெட்டியைத் தண்ணீர் சூழ்கிறது, உள்ளிருக்கும் காற்று 20 டிகிரிக்குக் குளிர்கிறது. கெல்வின் கணக்கில் 333-லிருந்து 293. அடைபட்ட காற்றின் அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும், அதாவது ஏறத்தாழ 12 சதவீதம். வளிமண்டல அழுத்தத்தில் 12 சதவீதம் என்பது 1.2 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். பெட்டி முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் நிற்கிறது, ஆனால் ரப்பர் சீலுக்கு ஓர் ஆள் உயர ஆழத்தில் மூழ்கியது போன்ற நெருக்கடி. புழுதியும் தண்ணீரும் புகாது என்பதற்கு அடையாளமாக ஐபி67 என்று முத்திரை குத்தியிருக்கிறதே என்று கேட்கலாம். அந்த 7 என்ற எண் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கியதைச் சொல்கிறது. அந்தச் சோதனையில் பெட்டிக்கும் தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சூடான பெட்டி குளிர்ந்த ஆற்றில் இறங்குவது அந்தச் சோதனைக்குள் வரவே இல்லை.

இதே காரணத்துக்காகத்தான் இத்தகைய வண்டிகளின் அச்சுப் பெட்டியில் மூச்சுக்குழாய் வைத்து, அதை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். இல்லையென்றால் குளிரும் அச்சு ஆற்றுநீரை உறிஞ்சி எண்ணெயோடு கலந்துவிடும். கணினிப் பெட்டிக்கும் மூச்சு வேண்டும். அதற்கு ஒரு பொத்தான் அளவு மூடி கிடைக்கிறது. அதனுள் டெஃப்லான் வகைச் சவ்வு ஒன்று இருக்கும். அதன் துளைகள் காற்றை விடும் அளவுக்குப் பெரியவை, நீர்த்துளியை விடாத அளவுக்குச் சிறியவை. மூடி தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை அழுத்தம் இருபுறமும் சமமாகிவிடுவதால் சீலுக்குப் பெரிய வேலை இருக்காது. இந்த முழுக் கட்டமைப்பில் மிக மலிவான பொருள் இதுதான், எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

அதிர்வுக்கு வருவோம். சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்கை வண்டியில் வைக்கவே கூடாது. அதன் வாசிப்பு முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வந்தபிறகு அந்தக் கவலை ஒழிந்தது. மிச்சம் இருப்பது பலகையும் இணைப்புகளும். ரப்பர் மெத்தை வைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் ரப்பரின் மேல் நிற்கும் பெட்டிக்குச் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. மணல் பாதையில் வண்டிச் சக்கரங்களே உண்டாக்கும் அலைவரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை 70 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருந்து, வண்டி மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில் போனால், நொடிக்கு 14 அடி விழும். பெட்டியின் சொந்த அதிர்வெண்ணும் 14-ஐ ஒட்டியிருந்தால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, மெத்தை அடியைக் குறைப்பதற்குப் பதில் பெருக்கிக் கொடுக்கும். சொந்த அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேல் போன அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். போதாக்குறைக்கு ரப்பர் சூட்டைக் கடத்தாது, பெட்டியிலிருந்து வண்டியின் உலோகத்துக்குச் சூடு இறங்கும் வழியும் அடைபடும். சிறிய கணினியென்றால் இறுக்கமாகப் போல்ட் போட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் அசையாமல் கட்டுவதே மேல் என்பது என் முடிவு.

பல கணினிகளைக் கனமான அடுக்கில் வைப்பவர்கள் கதை வேறு. 2005-ல் மொஹாவே பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாமலே 212 கிலோமீட்டர் ஓடி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய போட்டியில் வென்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ ஃபோக்ஸ்வாகன் டூரெக் வண்டிதான். அதன் பின்பெட்டியில் பென்டியம் எம் செயலி கொண்ட கணினிகளை அதிர்ச்சி தாங்கும் அடுக்கில் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த போட்டியில் ஒரு வண்டிகூட 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை.

கம்பி முனைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சால்டர் வைத்தால்தான் உறுதி என்று நானும் நம்பியிருந்தேன். சில மாதம் கழித்து ஒரு கம்பி கையோடு வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சால்டர் பளபளவென்று அப்படியே இருந்தது. அது முடிந்த இடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி, செம்பு இழைகள் அத்தனையும் வரிசையாக ஒடிந்திருந்தன. உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஏறி, அந்தப் பகுதியைக் குச்சி போல விறைக்க வைக்கிறது. விறைத்த பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கும் கோட்டில்தான் எல்லா அசைவும் குவிகிறது. சரியான கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்த முனையில் ஈயம் கிடையாது. அதன் பின்னால் கம்பியை ஒரு பட்டையால் பிடித்துவிட்டால் மடங்கும் இடமும் இருக்காது.

இவ்வளவும் ஆன பிறகு வண்டியோடு பேசுவது எளிது. 1980-களில் பாஷ் நிறுவனம் உருவாக்கிய, வண்டியின் பாகங்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் கேன் பஸ் என்ற முறை இரண்டு முறுக்கிய கம்பிகளில் ஓடுகிறது. சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ட். செய்தி போகும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். எஞ்சினின் தீப்பொறி கிளப்பும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒரே மாதிரி தாக்குவதால், வித்தியாசத்தை மட்டும் படிப்பவருக்கு அது தெரிவதே இல்லை. வண்டியின் கோளாறைச் சோதிக்க வைத்திருக்கும் ஓபிடி-2 சொருகி வழியாக எஞ்சின் வேகம் என்ன என்று கேட்டால் இரண்டு எண்கள் பதிலாக வரும். உதாரணமாக 26, 248. முதலாவதை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4-ஆல் வகுத்தால் 1726. நிமிடத்துக்கு அத்தனை சுற்று. கணினி இப்படிக் கேட்பதோடு நிற்க வேண்டும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இத்தகைய கம்பிகளில்தான் பேசிக்கொள்கின்றன, அங்கே நாம் சொந்தமாகச் செய்தி எழுதுவது உயிரோடு விளையாடுவது.

சாய்வு மானியிலும் ஏமாற ஓர் இடம் உண்டு. முடுக்கமானி புவியீர்ப்பைப் பார்த்துத்தான் எது கீழ் என்று சொல்கிறது. பிரேக் போட்டால் அந்த விசையும் சேர்ந்துகொள்ளும். ஈர்ப்பில் 0.3 மடங்கு பிரேக் பிடித்தால், சமதளத்திலேயே வண்டி 17 டிகிரி சாய்ந்துவிட்டதாகத் திரை சொல்லும். சுழற்சியை அளக்கும் கைரோ இதில் ஏமாறாது, ஆனால் அதன் கணக்கு மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். எனவே நொடிக் கணக்கில் கைரோவையும் நிமிடக் கணக்கில் முடுக்கமானியையும் நம்பும்படி இரண்டையும் கலந்து எழுத வேண்டும்.

கடைசியாக, வண்டியை நிறுத்திச் சாவியை எடுக்கும் நேரம். 15 வாட் கணினி ஏறத்தாழ 1.25 ஆம்பியர் இழுக்கும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் காலி, நடுக்காட்டில் எஞ்சின் கிளம்பாது. சாவியோடு மின்சாரத்தையும் பட்டென்று வெட்டினாலோ, எஸ்எஸ்டியில் பாதி எழுதிய கோப்பு கெட்டுப்போகும். இதற்கென்று ஒரு சிறு கட்டுப்படுத்தி இருக்கிறது. சாவிக் கம்பியில் வோல்ட் போனதும் அது கணினிக்குச் செய்தி சொல்லும், ஒழுங்காக மூடிக்கொள்ள ஒரு நிமிடம் காத்திருக்கும், பிறகு ரிலே என்ற சுவிட்சைத் திறந்து கணினியின் மின்சாரத்தை வெட்டிவிட்டுத் தான் மட்டும் சில மில்லி ஆம்பியரில் விழித்திருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இரவில் முகாமிட்டு வரைபடம் பார்க்கும்போது, பேட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அதுவே கணினியை மூடும், ஏனென்றால் ஈய-அமில பேட்டரியில் அதற்குள் ஏறத்தாழ பாதி தீர்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கும் அரை நொடிப் பள்ளத்தைப் பேட்டரி தீர்ந்ததாக அது தவறாக எண்ணிவிடக் கூடாது. அதனால் வோல்ட் தொடர்ந்து 30 நொடி கீழே இருந்தால் மட்டும் மூடு என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்போது சாவியைத் திருப்பும்போது முகப்பு விளக்குகள் மங்கி எழுகின்றன, வரைபடம் அசையாமல் நிற்கிறது.