பேக்லிங்க்: பின்னிணைப்பு அல்ல, வருசுட்டி

‘உயர்தரப் பின்னிணைப்புகளைப் பெறுவது எப்படி?’ தேடுபொறி பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் இந்தத் தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பேக்லிங்க் என்பதைத்தான், அதாவது வேறொரு தளத்திலிருந்து நம் பக்கத்தைக் காட்டும் லிங்கைத்தான், இப்படி ஆக்கியிருக்கிறார்கள். பேக் என்றால் பின், லிங்க் என்றால் இணைப்பு, ஆகவே பின்னிணைப்பு. ஆனால் பின்னிணைப்பு என்ற சொல் தமிழில் காலியாகக் கிடக்கவில்லை. நூலின் கடைசியில் ஆசிரியர் சேர்க்கும் அட்டவணை, மூல ஆவணம், சொல்லடைவு ஆகியவற்றுக்குத்தான் அந்தப் பெயர். பல்கலைக்கழக ஆய்வேடு வரை அது ஊன்றிவிட்ட சொல்.

பேக்லிங்க் இதற்கு நேர் எதிரானது. பின்னிணைப்பை ஆசிரியரே தம் நூலுக்குள் வைக்கிறார். பேக்லிங்கை வேறொருவர், தம் தளத்தில், நம்மைக் கேட்காமலே வைக்கிறார். யார் வைக்கிறார், எங்கே வைக்கிறார் என்ற இரண்டுமே தலைகீழாகிவிடுகின்றன. ‘உங்கள் கட்டுரைக்குப் பின்னிணைப்பு வேண்டும்’ என்று ஒரு பதிப்பாசிரியர் சொன்னால், எழுத்தாளர் அட்டவணை தயாரிக்க உட்காருவாரா, நாலு தளங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவாரா?

சொல்லின் வரலாறு சுருக்கமானதுதான். லிங்க் என்பது ஸ்காண்டிநேவிய மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சங்கிலியின் ஒரு வளையத்தைக் குறிக்கும், நம்மிடம் அதற்குக் கண்ணி என்று பெயர். ஓர் உரையிலிருந்து இன்னோர் உரைக்குத் தாவ வழிசெய்யும் எழுத்துமுறைக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் என்று பெயர்; அந்தச் சொல்லை 1965-இல் டெட் நெல்சன் அச்சேற்றினார். அவர் கனவு கண்ட ஸனாடு திட்டத்தில் லிங்க் இருவழிப்பட்டது: யார் யாரைக் குறித்தார் என்பது இரு முனையிலும் தெரியும். 1989-இல் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த வலையில் அது ஒருவழியாயிற்று. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், மையப் பதிவேடு வேண்டாம், முகவரி தெரிந்தால் போதும். வலை இவ்வளவு பரவியதற்கு இந்த எளிமை ஒரு பெரிய காரணம். ஆனால் குறிக்கப்பட்டவருக்குத் தம்மை யார் குறித்தார் என்பது தெரியாமலே போயிற்று. அந்தத் தகவலை வெளியிலிருந்து திரட்டித்தான் அறிய வேண்டும். திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்வதால்தான் ஆங்கிலத்தில் அதற்கு ‘பேக்’ என்ற ஒட்டு. 1990-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜ் தொடங்கிய தேடுபொறிக்குப் பேக்ரப் என்று பெயர் வந்ததும் இதனால்தான்; பின்னர் அதுவே கூகுள் ஆனது.

ஆக, பேக்லிங்கில் உள்ள ‘பேக்’ இடத்தைக் குறிக்கும் ‘பின்’ அல்ல. பின்வாசல், பின்னட்டை என்பவற்றில் வரும் பின் வேறு. இங்கே சொல்ல வேண்டியது திசையை, அதாவது பிறரிடமிருந்து நம்மை நோக்கி வருவதை. பின்னிணைப்பின் முதல் பாதியே தவறு.

இரண்டாம் பாதியான ‘இணைப்பு’ பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. லிங்க் என்றாலே இணைப்பு என்று எழுதும் பழக்கம் விக்கிப்பீடியா வரை போயிருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கப்பட்டியில் ‘இப்பக்கத்தை இணைத்தவை’ என்று ஒரு வரி உண்டு. இந்தப் பக்கத்தைக் குறித்துள்ள மற்றப் பக்கங்களின் பட்டியல் அது. புதிதாக வருபவர் அந்த வரியைப் படித்தால் என்ன புரிந்துகொள்வார்? இரண்டு பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள் என்றுதான். கட்டுரைகளை ஒன்றிணைக்கும் வேலையும் விக்கிப்பீடியாவில் அன்றாடம் நடப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இணைப்பு என்றால் இரண்டு பொருள்கள் சேர்ந்து நிற்க வேண்டும், இரு தரப்புக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, சாலை இணைப்பு எல்லாம் அப்படித்தான். மின் இணைப்பைத் துண்டித்தால் வீட்டுக்காரருக்கும் தெரியும், வாரியத்துக்கும் தெரியும். வலையில் அப்படி இல்லை. நான் குறித்த பக்கத்தை அதன் உரிமையாளர் நீக்கிவிட்டால் என் பக்கத்தில் நீல எழுத்து அப்படியே இருக்கும். சொடுக்கிய வாசகர் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழையில் போய் முட்டிக்கொள்வார். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு 2023 அக்டோபருக்குள் கிடைக்காமல் போயின என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. அந்தப் பக்கங்களைக் குறித்து வைத்திருந்தவர்களுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போதாக்குறைக்கு, மின்னஞ்சலில் அனுப்பும் கோப்புக்கும் இணைப்பு என்றுதான் பெயர். ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று வரும் அஞ்சலில் கோப்பைத் தேடுவதா, நீல எழுத்தைத் தேடுவதா? தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதம் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. கடிதத்தின் மேலே ‘பொருள்’ இருக்கும், அடுத்து ‘பார்வை’, அடியில் ‘இணைப்பு’. வேறோர் இடத்தில் இருக்கும் அரசாணையையோ முந்தைய கடிதத்தையோ எண்ணும் நாளும் போட்டுக் குறிப்பது பார்வை. கூடவே வைத்து அனுப்பும் தாள் இணைப்பு. ஒரு கீழ்நிலை எழுத்தர்கூட இந்த இரண்டையும் மாற்றி எழுத மாட்டார். வலையின் லிங்க் செய்வது பார்வையின் வேலை. அதை இணைப்பு என்று அழைத்து, தெளிவாக இருந்த ஒரு வேறுபாட்டை நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம்.

தொடுப்பு என்பாரும் உண்டு. பூத் தொடுப்பது, அம்பு தொடுப்பது, வழக்குத் தொடுப்பது என்று வினைக்கு நல்ல வளம்தான். ஆனால் பேச்சுவழக்கில் ‘அவனுக்கு ஒரு தொடுப்பு இருக்கு’ என்றால் பொருளே வேறு. அந்த நெடி இருக்கும்வரை பொதுப் பயன்பாட்டுக்கு அது ஒத்துவராது. மீயிணைப்பு, மீத்தொடுப்பு என்பவையோ ‘ஹைப்பர்’ என்ற ஒட்டுக்கு விசுவாசமாக இருக்கின்றன. ஆங்கிலக்காரர்களே பேச்சில் அதைக் கைவிட்டு வெறும் லிங்க் என்றுதான் சொல்கிறார்கள்.

சரியான சொல் சுட்டி. வினை சுட்டுதல். அ, இ, உ மூன்றையும் சுட்டு என்று தொல்காப்பியம் நூல்மரபிலேயே வகுத்துவிட்டது. ‘அது’ என்றால் பொருள் அங்கே இருக்கிறது. சொல்பவர் இங்கிருந்து காட்டுகிறார். காட்டப்பட்ட பொருளுக்கு அது தெரியவேண்டிய தேவையில்லை. ஒருவழித்தன்மை சொல்லிலேயே இருக்கிறது. சுட்டி என்றால் மவுஸ் அல்லவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அச்சில் அப்படி எழுதினாலும் பேச்சில் எல்லாரும் மவுஸ் என்றே சொல்கிறார்கள். கைப்பேசியில் அந்தக் கருவியே கிடையாது. குறும்புக் குழந்தைக்கும் சுட்டி என்று பெயர் உண்டு என்பது ஒரு தடையாகாது, இடம் பார்த்துப் பொருள் விளங்கும். கவனம் தேவைப்படுவது வினைமுற்றில்தான். குறித்துக் காட்டினால் ‘சுட்டினார்’, ‘சுட்டியிருக்கிறார்’. ‘சுட்டார்’ என்று எழுதினால் அது தோசையாகவோ துப்பாக்கியாகவோ போய்விடும். திருட்டுக்கும் கொச்சையில் அதே சொல்தான். பிறர் கட்டுரையை எடுத்தாள்பவர் சுட்டினாரா, சுட்டாரா என்பதில் அவருடைய நேர்மையே அடங்கியிருக்கிறது.

பிற தளத்திலிருந்து நம்மை நோக்கி வருவது வருசுட்டி. வினைத்தொகை என்பதால் வந்தது, வருவது, வரப்போவது மூன்றும் அடங்கும், வல்லினமும் மிகாது. நாம் வெளியே குறிப்பது செல்சுட்டி, நம் தளத்துக்குள்ளேயே குறிப்பது உட்சுட்டி. அகச்சுட்டு, புறச்சுட்டு என்று வைக்க ஆசைப்படுகிறவர்கள் இலக்கணத்தில் அவற்றுக்கு ஏற்கெனவே வேறு பொருள் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். பின்னிணைப்பில் நடந்த அதே தவறு அங்கேயும் நடக்கும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் சுட்டி என்ற சொல் ஒரு கேள்வியைக் கூடவே கொண்டுவருகிறது. சுட்டுவது என்றால் ஒரு மனிதர் வேண்டும், அவருக்கு ஒரு நோக்கம் வேண்டும். ஏன் சுட்டினார்? இணைப்பு என்றால் அது தானாகவே அமைந்த குழாய் போலத் தெரிகிறது, நோக்கம் மறைந்துவிடுகிறது. பின்னிணைப்புகளைப் ‘பெறுவது’, ‘உருவாக்குவது’, ‘கட்டுவது’ என்றே அந்தக் கட்டுரைகள் பேசுவதும் இதனால்தான்.

நோக்கங்கள் பல. தன் கூற்றுக்குச் சான்று காட்டச் சுட்டுபவர் உண்டு; அவருக்கு மூல ஆவணம் வேண்டும், அதைப் பற்றிய செய்தி போதாது. விளக்கத்தை மிச்சப்படுத்தச் சுட்டுபவர் உண்டு. ஒரு சொல்லை மூன்று பத்தியில் விளக்குவதைவிட, நன்றாக விளக்கிய பக்கத்தைக் காட்டிவிட்டு மேலே போவார். முதலில் கண்டுபிடித்தவருக்கு உரிய பெயரைக் கொடுக்கச் சுட்டுவார்கள். நட்புக்காகவும், அவர் நம்மைச் சுட்டியதற்குப் பதிலாகவும் சுட்டுவார்கள். கண்டிக்கவும் சுட்டுவார்கள். 2003-இல் பலர் சேர்ந்து, ‘பரிதாபத் தோல்வி’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரில் வெள்ளை மாளிகையின் ஜார்ஜ் புஷ் பக்கத்தைச் சுட்டினார்கள். அந்தத் தொடரைத் தேடியவர்களுக்கு அவர் பக்கமே முதலில் வந்தது. கூகுள் தன் கணக்கீட்டை மாற்றி அதைச் சரிசெய்தது 2007-இல்தான்.

சுட்டுவது ஆமோதிப்பது ஆகாது என்பதை நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அவதூறு வழக்கு ஒன்றில் கனடா உச்ச நீதிமன்றம் 2011-இல், வெறுமனே லிங்க் கொடுப்பது அந்தப் பக்கத்தில் உள்ளதை வெளியிட்டதாகாது, அது ஒரு குறிப்பு மட்டுமே என்று தீர்ப்பளித்தது. ‘இணைத்தார்’ என்று இதை மொழிபெயர்த்தால் தீர்ப்பின் சாரமே தொலைந்துவிடும்.

இவற்றோடு பணமும் சேர்ந்தது. 1998-இல் பேஜும் செர்கே பிரினும் விவரித்த பேஜ்ரேங்க் கணக்கீடு, வருசுட்டி ஒவ்வொன்றையும் ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொண்டது. சுட்டுபவர் எவ்வளவு மதிக்கப்படுகிறாரோ அவ்வளவு எடை. நேர்மையான நோக்கத்தோடு சுட்டுகிறார்கள் என்ற நம்பிக்கையில் அது நின்றது. தரவரிசை விலைக்குப் போனதும் சுட்டியும் விலைக்குப் போயிற்று. 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் நோஃபாலோ என்ற குறியை ஏற்றன: சுட்டுகிறேன், ஆனால் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாதே என்று தேடுபொறிக்குச் சொல்வது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் கணக்கீட்டில் செய்த பெங்குவின் என்ற மாற்றத்தில், செயற்கையாகச் சுட்டிகளைக் குவித்த தளங்கள் கீழே தள்ளப்பட்டன. 2019-இல் கூகுள் கட்டணச் சுட்டிகளுக்கு ஸ்பான்சர்டு என்ற தனிக் குறியும், பயனர்கள் இடுபவற்றுக்கு யூஜிசி (யூசர் ஜெனரேட்டட் கன்டென்ட்) என்ற குறியும் கொண்டுவந்தது. இந்தக் குறிகள் எல்லாமே ‘ஏன் சுட்டினாய்?’ என்ற கேள்விக்குப் பதில்தான். தமிழிலும் சான்றுச் சுட்டி, நன்றிச் சுட்டி, கட்டணச் சுட்டி, பண்டமாற்றுச் சுட்டி என்று நோக்கத்தை ஒட்டிப் பெயர் வைக்கலாம். பின்னிணைப்பை வைத்துக்கொண்டு இப்படிச் சொல் பெருக்கிப் பாருங்கள், ஒன்றும் நிற்காது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. பிற தளங்களை நம்மைச் சுட்டவைக்கும் முயற்சியான லிங்க் பில்டிங் ‘இணைப்புக் கட்டிடம்’ ஆகிவிட்டது. கட்டுமானத் தொழில் என்று நினைத்துத்தான் படிக்கத் தொடங்க வேண்டும். ஆங்கர் டெக்ஸ்ட் ‘நங்கூர உரை’. கப்பல் எங்கே வந்தது? சொடுக்குவதற்காக அடிக்கோடிட்ட சொற்கள் அவை, சுட்டுச்சொல் என்றும் சொல்ல முடியாது, அதுவும் இலக்கணத்தில் வேறு. ‘சுட்டித்தொடர்’ என்றால் போதும். மொழிபெயர்ப்பு இயந்திரம் தந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் இவற்றில் எதுவும் வெளியே வந்திருக்காது. தெரியாத இடத்தில் பேக்லிங்க் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம், அது பொய் சொல்லாது. பின்னிணைப்பு பொய் சொல்கிறது.

சுட்டித்தொடர் அமைப்பதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ‘இங்கே சொடுக்கவும்’ என்பதை அடிக்கோடிடுவது பழைய பழக்கம். திரையில் உள்ளதை ஒலியாகப் படிக்கும் திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்றவர் பக்கத்தின் சுட்டிகளை மட்டும் வரிசையாகக் கேட்கும்போது பத்து ‘இங்கே’தான் காதில் விழும். பொருளின் பெயரையே சுட்டித்தொடராக்க வேண்டும். இரண்டு முதல் ஆறு சொல் போதும். பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டி வரும்போதுதான் தவறு நடக்கிறது. ‘தீர்ப்பில்’ என்ற சொல்லில் ‘தீர்ப்ப’ வரை மட்டும் சுட்டியாக்கி ‘இல்’ உருபை வெளியே விட நினைத்தால், இகரக் குறி தன் மெய்யை இழந்து தனியே நிற்கும். சில உலாவிகளில் அங்கே ஒரு புள்ளிவட்டம் தெரியும், சிலவற்றில் எழுத்தே உடைந்து கிடக்கும். உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் சுட்டியாக்கிவிடுவதே வழி.

முகவரியும் இப்படித்தான். தமிழில் அமைந்த வலை முகவரியை நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல் ஒருங்குறியில் ஐந்து குறிகள். ஒட்டும்போது 45 எழுத்து. அந்த நீளத்தைப் பார்த்து மிரண்டு, சுட்டாமலே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். வெறும் முகவரியை ஒட்டாமல் சுட்டித்தொடருக்குள் வைத்தால் நீளம் யார் கண்ணிலும் படாது. கட்டணம் வாங்கி வைத்த சுட்டியானால் நிரலில் ஸ்பான்சர்டு குறியும், வாசகர் பார்க்கும்படி பக்கத்திலேயே ‘கட்டணச் சுட்டி’ என்ற சொல்லும் இருக்க வேண்டும்.